108 என்ற இலக்கம்: காற்றுவழியைத் திறந்து பிஸ்டனை இழந்த ஒரு ஏடிவி

இதில் வரும் எவருடைய பெயரும் எழுதப்படவில்லை. வாகனத் தயாரிப்பாளரின் பெயரும் இல்லை. வேலை நடந்தது கொழும்பு 14, கிராண்ட்பாஸில் உள்ள எங்கள் சிறிய கராஜில். பிழை செய்தவர்கள் நாங்கள். ஏர் ஃபில்டரை மாற்றினால் வண்டி பறக்கும் என்று கேட்டு வரும் பிள்ளைகள் மாதம் இரண்டு பேராவது இருக்கிறார்கள். அவர்களுக்கும், அவர்களுக்கு வேலை செய்து கொடுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வாகனம் வந்த வழி

2023 ஓகஸ்டில் வத்தளையைச் சேர்ந்த ஒரு வியாபாரி, அறுபது வயதை நெருங்குபவர், தன் மகனோடு கராஜுக்கு வந்தார். சிலாபத்துக்கு அப்பால் அவருக்கு ஒரு தென்னங்காணி இருக்கிறது. முழுக்க மணல் தரை. தேங்காய் பறித்தால் மரத்தடிகளில் குவியும் காயை வீதியோரக் கொட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும். லேண்ட் மாஸ்டர் (இருசில்லு டிராக்டர்) அந்த மணலில் அடிக்கடி புதைந்ததால், மணலிலும் ஓடக்கூடிய நான்கு சில்லு வண்டியான ஏடிவி ஒன்றை வாங்கி அதன் பின்னால் சிறு டிரெய்லர் பூட்டி இழுக்கலாம் என்று முடிவு செய்திருந்தார்.

புதிதாக வாங்க வழியில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போது இன்னும் திறக்கப்படவில்லை. நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த பழைய வண்டிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. அவருக்குக் கிடைத்தது நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஓடிய வண்டி. மலைச் சுற்றுப் போவதற்காகத் தோட்டத்தில் வைத்திருந்தது. சீனத் தயாரிப்பு, 250 சிசி, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர், காற்றால் குளிரும் என்ஜின், ஐந்து கியர், கை கிளச், பின்னச்சுக்குச் சங்கிலி. காபரேட்டர் 30 மில்லிமீற்றர் வெக்கியூம் வகை. கெய்ஹின் காபரேட்டரைப் பார்த்துச் செய்த நகல்.

இது மலையிலிருந்து வந்த வண்டி என்பதை முதல் நாளே அவர் சொன்னார். நாங்களும் கேட்டுக்கொண்டோம். கேட்டதோடு சரி.

முதல் வருகையில் கண்டது

"மணல்ல இழுக்குதில்ல தம்பி. காய ஏத்தினா மூச்சு வாங்குது." இதுதான் ஐயாவின் முறைப்பாடு. மகனுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். அவர் கேட்டது வேறு. "பொட் ஃபில்டர் ஒண்டு போட்டு, சைலன்சரையும் கொஞ்சம் திறந்து விடுவமே அண்ணா."

வண்டியைப் பார்த்தோம். ஐட்லிங் சீராக இருந்தது. குளிரிலும் ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. புகை இல்லை. ஏர் பொக்ஸுக்குள் இருந்த ஸ்பொஞ்ச் ஃபில்டர் பழையது, ஆனால் கிழியவில்லை. பிளக்கைக் கழற்றினால் அடர்ந்த மண்ணிறம், ஓரங்களில் கரியும் படிந்திருந்தது. பின்பக்க ஒழுங்கையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஓட்டிப் பார்த்தோம். அந்த ஒழுங்கை அறுபது மீற்றர்கூட இல்லை. முழு அக்சிலேற்றரில் இரண்டு செக்கனுக்கு மேல் வைக்க முடியாது. அதற்குள் பிரேக்கைத் தேட வேண்டியிருக்கும்.

எங்கள் வாசிப்பு இதுதான்: பிளக் கறுப்பாக இருக்கிறது, ஆகவே பெற்றோல் கூடுதலாக வருகிறது, காற்று போதவில்லை. காற்றைத் திறந்துவிட்டால் கலவை நேராகிவிடும்.

பிளக் காட்டியது பொய்யல்ல. நாங்கள்தான் அதனிடம் தவறான கேள்வியைக் கேட்டோம். காபரேட்டர் ஒரே துளையால் எப்போதும் பெற்றோல் கொடுப்பதில்லை. பெற்றோலை அளந்து விடும் சிறு துளையுள்ள திருகைத்தான் ஜெட் என்கிறோம். ஐட்லிங்கிலிருந்து கால்வாசித் திறப்பு வரை பைலட் ஜெட்டும் கலவைத் திருகாணியும் பேசும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை ஊசியும் அது நிற்கும் குழலும். முக்கால்வாசிக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. ஒழுங்கைக்குள் உருட்டி நிறுத்திய வண்டியின் பிளக், பைலட் பகுதியைப் பற்றி மட்டுமே சொல்லும். மணலில் லோட் இழுக்கும் வண்டியோ நாள் முழுக்க மெயின் ஜெட்டில் ஓடுவது.

அன்று எடுத்த முடிவுகள்

ஏர் பொக்ஸைக் கழற்றினோம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய கூம்பு வடிவப் பொட் ஃபில்டரை நேரே காபரேட்டர் வாயில் பூட்டினோம். சைலன்சரின் உள்ளே இருந்த தடுப்புக் குழாயை எடுத்தோம். மெயின் ஜெட்டை மாற்றவில்லை. அந்த ஜெட் இருக்கும் ஃப்ளோட் கிண்ணத்தை, அதாவது காபரேட்டரின் அடியில் பெற்றோல் நிற்கும் கிண்ணத்தை, கழற்றிப் பார்க்கவும் இல்லை.

ஏன் என்று பலமுறை எங்களையே கேட்டிருக்கிறோம். இதே வகை வண்டி இரண்டை அதற்கு முன்பு சேர்விஸ் செய்திருந்தோம். இரண்டிலும் 115 ஜெட்தான் இருந்தது. மூன்றாவதிலும் 115 இருக்கும் என்று எண்ணிவிட்டோம். பிளக் வேறு கறுப்பு. 115 ஜெட்டோடு பெற்றோல் கூடுதலாக ஓடும் என்ஜினுக்குக் காற்றைத் திறந்தால் ஆபத்தில்லை என்பது அன்று கணக்காகத் தெரிந்தது. கிண்ணத்தைக் கழற்ற நான்கு ஸ்க்ரூ. காபரேட்டரைச் சாய்த்தால் பத்து நிமிட வேலை.

வேலை முடிந்து ஒழுங்கையில் ஓட்டியபோது வித்தியாசம் தெரிந்தது. சத்தம் கூடியது, அக்சிலேற்றரைத் தொட்டால் உடனே எழுந்தது. மகனின் முகத்தில் சந்தோசம். ஐயாவும் திருப்தியாகப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். பெற்றோல் சற்றுக் குறைந்த கலவையில் ஓடும் என்ஜின் தொட்டவுடன் துள்ளும். அந்தத் துள்ளலை வலுவென்று எடுத்துக்கொள்வது மிகவும் எளிது.

ஒரு குறையும் அன்றே இருந்தது. பாதித் திறப்பில் ஒரு கணம் தயங்கி, பிறகு குலுக்கி எழுந்தது. பொட் ஃபில்டர் போட்டால் அப்படித்தான் என்று விட்டோம்.

மூன்று வாரங்கள்

முதல் இரண்டு வாரம் காணியில் எந்தப் பிரச்சினையும் இல்லை. தென்னை ஓலை, உரப்பை போன்ற சில்லறை வேலைகள்தான். மூன்றாவது வாரம் காய் பறிப்பு. டிரெய்லரில் காய் நிரப்பி, காணியின் பின்மூலையிலிருந்து வீதி வரை, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர், இறுகாத மணல். மகன் மூன்றாம் கியரில் அக்சிலேற்றரை முழுக்கத் திறந்து வைத்து இழுத்திருக்கிறார். ஐந்தாவது நடையில் "டிக் டிக்" என்று சிறு சுத்தியல் தட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார். டிரெய்லர் ஆடுவதாக நினைத்து நிறுத்தவில்லை. ஆறாவது நடையில் வலு சட்டென்று விழுந்து, பின்சில்லு இழுபட்டு, வண்டி நின்றது. ஸ்டார்ட்டரை அழுத்தினால் "டக்" என்ற ஒரு சத்தம் மட்டும். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது.

ஒன்றரை மணி நேரம் ஆறவிட்ட பிறகு என்ஜின் சுற்றியதாம். அதன்பின் ஓட்ட வேண்டாம் என்று தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் பட்டா என்ற சிறு லொறியில் ஏற்றி, சிலாபத்திலிருந்து ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர் கடந்து, மீண்டும் கிராண்ட்பாஸுக்கு வந்தது.

பிரித்துப் பார்த்தபோது

இந்த முறை எதையும் ஊகிக்காமல், கழற்றும் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டே போனோம்.

பிளக்: மையக் கம்பியைச் சுற்றிய பீங்கான் சுண்ணாம்பு வெள்ளை. அதன்மேல் கடுகிலும் சிறிய சாம்பல் நிறப் புள்ளிகள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் உருகித் தெறித்த அலுமினியம். அந்த அலுமினியம் பிஸ்டனின் தலையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் துளை விழவில்லை. சைலன்சர் பக்கத்து ஓரம் மட்டும் மணற்காகிதத்தால் தேய்த்ததுபோலச் சொரசொரப்பாக இருந்தது. அதே பக்கம் பிஸ்டனின் உடலில் மேலிருந்து கீழாகப் பட்டையாக உரசல். சிலிண்டர் சுவரில் அலுமினியம் ஒட்டியிருந்தது. அதிகம் சூடாகும் பக்கத்தில் மட்டும் இப்படி உரசியிருந்தால் அது வெப்பத்தின் வேலை. ஒயில் வற்றிப் பிடித்திருந்தால் காயம் சுற்றிவரத் தெரிந்திருக்கும். ஒயில் அளவும் சரியாகவே இருந்தது.

ஆனால் இன்னொரு காயமும் இருந்தது, அது வேறு வகை. காற்று வரும் பக்கத்துச் சுவரில், தலைமயிர் தடிப்பில், ஏராளமான நேர்க்கோடுகள். காபரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலான ரப்பர்க் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியைச் சுற்றி விரலால் துடைத்தேன். துணியில் வந்ததை இரு விரல்களுக்கிடையில் தேய்த்தபோது நறநறத்தது. சிலாபத்து மணல். பொட் ஃபில்டரின் ரப்பர் வளையம் காபரேட்டர் வாயை விட அரை மில்லிமீற்றர் அளவில் பெரியது. கிளிப்பை இறுக்கியபோது ஓரிடத்தில் மடிந்து, நகம் நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தது. மூன்று வாரத்தில் அவ்வளவு கோடுகள். பறிப்பு நாளில் வெப்பத்தால் பிஸ்டன் பிடிக்காமல் இருந்திருந்தாலும் ஒரு வருடத்துக்குள் ரிங்குகள் தேய்ந்து ஒயில் குடிக்கத் தொடங்கியிருக்கும்.

அதே ரப்பர் வளையம் இன்னொன்றையும் செய்திருந்தது. வெக்கியூம் காபரேட்டரின் வாயோரத்தில், டயஃப்ரம் என்ற ரப்பர் தகட்டுக்குக் கீழே வெளிக்காற்று போவதற்கு ஒரு சிறு வழி இருக்கும். அதன் பாதியை வளையத்தின் உதடு மூடியிருந்தது. கீழே வெளிக்காற்றும் மேலே வெக்கியூமும் இருந்தால்தான் காற்றுவழியைத் திறக்கும் சிலைடு ஒழுங்காக மேலே எழும். பாதித் திறப்பில் கண்ட தயக்கத்துக்கு இது ஒரு காரணம். மற்றது ஏர் பொக்ஸே இல்லாதது. இந்த வகைக் காபரேட்டருக்கு ஏர் பொக்ஸ் வெறும் பெட்டியல்ல. உள்ளே நிற்கும் அமைதியான காற்றை அளவுகோலாக வைத்துத்தான் சிலைடின் ஸ்பிரிங்கையே தயாரிப்பாளர் தேர்ந்திருப்பார்.

கடைசியாக, முதல் நாள் கழற்றாத அந்த நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றினோம். மெயின் ஜெட்டை வெளியே எடுத்து டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தேன். 108 என்று அடித்திருந்தது.

கலவைத் திருகாணியை இருந்த இடத்திலிருந்து உள்ளே திருகி எண்ணினோம்: மூன்றரைச் சுற்று. இந்த வகையில் இரண்டு, இரண்டே கால் சுற்றுத்தான் வழக்கம். என்ஜின் பக்கம் இருக்கும் திருகாணி இது. வெளியே எடுத்தால் பெற்றோல் கூடும். காற்று வாய்ப்பக்கம் திருகாணி இருக்கும் காபரேட்டர்களில் இது நேர்மாறு. முதல் நாள் பிளக் கறுப்பாக இருந்ததற்குக் காரணம் இந்த மூன்றரைச் சுற்று. கீழே பெற்றோல் கூடுதல், மேலே குறைவு. நாங்கள் கீழ்ப்பகுதியைப் பார்த்து மேல்பகுதிக்கு மருந்து கொடுத்திருக்கிறோம்.

தோட்டத்துக்கு எடுத்த அழைப்பு

ஐயாவிடம் இலக்கம் வாங்கி, வண்டியைப் பார்த்துக்கொண்ட தோட்டத்து மெக்கானிக்கோடு பேசினேன். "மேல நம்ம பக்கம் எல்லாத்துக்கும் சின்ன ஜெட்டுதாண்ணே போடுவோம். கம்பனி ஜெட்ட போட்டா கரும்புகையா தள்ளும், ஏத்தத்துல இழுக்காது. காலையில குளிருக்கு ஸ்டார்ட் ஆவணும்னு ஸ்க்ரூவையும் தெறந்து வச்சிருப்போம்" என்றார். கம்பனி ஜெட்டை எங்கே வைத்தார் என்று அவருக்கு நினைவில்லை. அவர் செய்தது அவருடைய இடத்துக்கு முழுக்கச் சரி. அந்த மாற்றத்தைப் பற்றி வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்குள்ள காற்றின் அடர்த்தி, குளிரையும் கணக்கில் எடுத்தால்கூட, கொழும்பின் காற்றைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் காற்றை எடையால் அளப்பதில்லை. தன் வாயில் விழும் அழுத்தக் குறைவைப் பார்த்துப் பெற்றோலை உறிஞ்சும். அடர்த்தி குறையும்போது பெற்றோலும் குறையும், ஆனால் காற்றின் அளவுக்குக் குறையாது. ஆகவே மேலே போகப் போகக் கலவையில் பெற்றோல் மிஞ்சும். நுவரெலியா உயரத்தில் அது ஏறத்தாழ ஒன்பது, பத்து சதவீதம். அதற்குத்தான் சின்ன ஜெட்.

அதே ஜெட்டோடு கடற்கரைக்கு இறங்கினால் கணக்குத் திரும்பிவிடும். 115க்கும் 108க்கும் ஏழு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். கெய்ஹின் வகை ஜெட்டுகளில் அந்த எண் துளையின் விட்டத்தை மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 1.15 மில்லிமீற்றர், 1.08 மில்லிமீற்றர். பெற்றோல் போவது பரப்பின் வழியாக. இரண்டையும் வர்க்கித்து ஒப்பிட்டால் 12 சதவீதம் குறைவு. மிகுனி ஜெட்டுகளின் எண் வேறு அளவுமுறை. அவற்றில் பெரும்பாலானவை எவ்வளவு பெற்றோல் ஓடுகிறது என்பதைக் குறிப்பவை. ஒன்றின் 115ஐ மற்றதன் 115க்குப் பதிலாகப் போடக்கூடாது.

பெற்றோல் முழுமையாக எரிவதற்கான அளவு, எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல். முழு வலு தேவைப்படும்போது 12.5, 13 அளவுக்குப் பெற்றோலைக் கூட்டித்தான் ஓட்டுவார்கள். காற்றால் குளிரும் என்ஜினில் அந்த மிஞ்சிய பெற்றோல் ஆவியாகி உள்ளிருக்கும் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. எங்கள் வண்டி ஏற்கெனவே 12 சதவீதம் குறைவாகக் குடித்தது. அதன்மேல் பொட் ஃபில்டரும் திறந்த சைலன்சரும். மேலும், மெதுவாக மணலில் லோட் இழுக்கும்போது சிலிண்டர் இறகுகளில் போதிய காற்றுப் படுவதில்லை. மகன் கேட்ட "டிக் டிக்", கலவை தானாக வெடித்த சத்தம். அப்போதே அக்சிலேற்றரை விட்டிருந்தால் பிஸ்டன் தப்பியிருக்கும். ஆனால் அந்தச் சத்தத்தை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

ஐயாவிடம் சொன்னது

ஜெட்டையும் பிஸ்டனையும் மேசையில் வைத்து அப்பாவுக்கும் மகனுக்கும் காட்டினேன். மகன் தன் ஓட்டத்தில்தான் பிழை என்று தலைகுனிந்து நின்றார். அப்படியில்லை என்று முதலில் அவரிடம் சொன்னேன். மெயின் ஜெட்டைப் பார்க்காமல் காற்றைத் திறந்தது எங்கள் பிழை, கூலி வாங்கமாட்டோம், உதிரிப்பாகத்தில் பாதியை நாங்கள் போடுகிறோம் என்றேன். ஐயா சற்று நேரம் பிஸ்டனையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு வேகம் வேணாம் தம்பி. காய் வீதிக்கு வந்தா போதும்" என்றார்.

முதல் நாளும் அவர் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அவருக்குத் தேவைப்பட்டது இழுவை. நாங்கள் மகன் கேட்ட சத்தத்தையும் துள்ளலையும் கொடுத்திருந்தோம்.

திருத்தமும் மறு ரியூனிங்கும்

சிலிண்டரை லேத்தில் கொடுத்து அரை மில்லிமீற்றர் ஓவர்சைஸுக்கு ரீபோர் செய்தோம், அதாவது உள்விட்டத்தைக் கடைந்து பெரிதாக்கினோம். அதே அளவுப் பிஸ்டன், ரிங், கேஸ்கட் பஞ்சிகாவத்தையில் இரண்டு நாள் தேடிக் கிடைத்தது. ஹெட்டில் வால்வுகளை அரைத்து உட்கார வைத்தோம். காபரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையிலான ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று, ஐட்லிங்கில் வைத்துக் காபரேட்டர் கிளீனர் அடித்துப் பார்த்தோம். என்ஜின் வேகம் மாறவில்லை, ஆகவே அங்கே கசிவில்லை. கம்ப்ரெஷன் 150 பிஎஸ்ஐ வந்தது. முதல் நாளே இதை அளந்து எழுதி வைத்திருந்தால் ஒப்பிட ஒரு எண் இருந்திருக்கும்.

காற்றுவழியில் பின்வாங்கினோம். ஏர் பொக்ஸ் திரும்பி வந்தது. புதிய ஸ்பொஞ்ச் ஃபில்டர், ஃபில்டர் ஒயிலில் நனைத்துப் பிழிந்து, விளிம்பில் கிரீஸ் பூசி இருத்தினோம். மூடியின் மேல்பக்கத்தில், மணலும் தண்ணீரும் தெறிக்காத உயரத்தில், 25 மில்லிமீற்றர் துளை ஒன்று மட்டும் கூடுதலாக இட்டு உள்ளே கம்பிவலை வைத்தோம். சைலன்சரின் தடுப்புக் குழாயும் தன் இடத்துக்குப் போனது.

என்ஜினைப் பழக்கிய பிறகு, ஜெட் சோதனையைக் கொழும்பில் செய்யவில்லை. வண்டி வேலை செய்யும் இடத்திலேயே, சிலாபத்து மணலில், அதே டிரெய்லரோடு செய்தோம். 125, 122, 120, 118, 115 என்று ஐந்து ஜெட்டுகளையும் மூன்று புதிய பிளக்குகளையும் எடுத்துப் போனோம். பெரிய ஜெட்டிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கினோம். பெரிய ஜெட்டால் வரும் கேடு கரிப்புகையும் மந்தமும்தான். சின்ன ஜெட்டால் என்ன வரும் என்று பார்த்தாகிவிட்டது. சின்ன ஜெட்டைக் கம்பியால் குடைந்து பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். துளையின் உள்வாய் கீறுபட்டால் எண்ணுக்கும் ஓட்டத்துக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும், செய்யவேண்டாம்.

அக்சிலேற்றர் நெம்பிலும் அதன் உடலிலும் வெள்ளை டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடிட்டோம். எந்தத் திறப்பில் குறை வருகிறது என்று கைக்குத் தெரிந்தால்தான் எந்தப் பாகத்தைத் தொடுவது என்று புரியும். 125இல் முழுத் திறப்பில் தடுக்கித் தடுக்கி, "பொட பொட" என்று ஓடியது. 122இலும் கொஞ்சம். 120இல் சுத்தமாக இழுத்தது. முழுத் திறப்பிலிருந்து நெம்பை ஒரு நூலளவு விட்டுப் பார்த்தோம். வேகம் இலேசாகக் குறைந்தது, அதுதான் வேண்டியது. 118இல் அப்படி விட்டபோது வேகம் இலேசாகக் கூடியது. மெயின் ஜெட் போதவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. 115 ஐப் போட்டுப் பார்க்கவே இல்லை. 120 நிலைத்தது. தயாரிப்பாளரின் அளவைவிடப் பரப்பில் 9 சதவீதம் கூடுதல்.

பிறகு புதிய பிளக்கைப் பூட்டி, லோடோடு முழுத் திறப்பில் நானூறு மீற்றர் இழுத்து, ஓட்டத்திலேயே கிளச்சைப் பிடித்து, அதே நொடியில் கில் சுவிட்சை அடித்தோம். ஐட்லிங்குக்கு வரவிடாமல் நிறுத்தினால்தான் பிளக் மெயின் ஜெட்டைப் பற்றிப் பேசும். பீங்கானின் அடியில் பால்தேநீர் நிற வளையம். கலவைத் திருகாணி இரண்டே கால் சுற்றில் நின்றது.

இவ்வளவு செய்தும், லோடோடு அந்த நானூறு மீற்றரில் கிடைத்த இலாபம் மூன்று, நான்கு செக்கன்தான். காற்றையும் ஜெட்டையும் சேர்த்துச் சரியாகச் செய்தால் இந்த அளவு என்ஜினில் இவ்வளவுதான் கிடைக்கும். அன்று மாலை சங்கிலியை இழுக்கும் முன் பற்சில்லை (ஸ்ப்ரொக்கட்) 14 பல்லிலிருந்து 13 பல்லுக்கு மாற்றினோம். சில்லில் இழுவை ஏறத்தாழ 7.7 சதவீதம் கூடியது. உச்ச வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது, காணிக்குள் அதைத் தேடுவார் யாருமில்லை. மூன்றாம் கியரில் திணறிய வண்டி அதே கியரில் முக்கால் திறப்பிலேயே போனது. என்ஜின் முழுத் திறப்பில் நிற்கும் நேரமே குறைந்ததால் சூடும் குறைந்தது. ஐயாவின் முறைப்பாட்டுக்கு முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை இது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, காபரேட்டரைத் தொடவும் தேவையிருக்கவில்லை.

கராஜில் மாறியவை

காற்றுவழியைத் தொடும் எந்த வேலைக்கும், அது ஓட்டோவானாலும் மோட்டார் சைக்கிளானாலும், முதலில் ஃப்ளோட் கிண்ணம் கழற்றப்படுகிறது. மெயின் ஜெட், பைலட் ஜெட் எண்கள், திருகாணிச் சுற்று, கம்ப்ரெஷன் ஆகிய நான்கும் கொப்பியில் எழுதப்படாமல் வேலை தொடங்குவதில்லை. வண்டி எந்த ஊரில் ஓடியது, இனி எந்த ஊரில் ஓடப்போகிறது என்று கேட்கிறோம். கொழும்பில் ரியூன் செய்து ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ போகும் வண்டிக்குச் சின்ன ஜெட் ஒன்றைக் கையில் கொடுத்து, மேலே போய்ப் போடச் சொல்கிறோம். மணலில் ஓடும் வண்டிக்குப் பொட் ஃபில்டர் பூட்டுவதில்லை. கேட்டு வந்த இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போனார்கள், அதில் எனக்கு வருத்தம் உண்டு, அவர்களுடைய என்ஜினை நினைத்து.

வேலை பழகும் பொடியனுக்குப் பழைய பிஸ்டனைக் கொடுத்திருக்கிறேன். சொரசொரத்த ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொல்லி, "டிக் டிக்" சத்தத்தையும் வேறொரு வண்டியில் கேட்க வைத்தோம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சத்தத்தை ஓட்டுபவருக்கும் விளக்குகிறோம்.

பின்னர்

ஏடிவி 2023 ஒக்டோபரில் காணிக்குத் திரும்பியது. பத்து மாதத்துக்குப் பிறகு, 2024 ஓகஸ்டில் போய்ப் பார்த்தபோது கம்ப்ரெஷன் 145. பிளக் அதே பால்தேநீர் நிறம். ஒவ்வொரு பறிப்புக்குப் பிறகும் மகனே ஃபில்டரைக் கழுவி, ஒயில் இட்டுப் பூட்டுகிறார். ரப்பர்க் குழாயைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், மணல் இல்லை.

ஏர் பொக்ஸ் மூடியின் உட்புறத்தில் வெள்ளை பெயின்டால் எழுதியிருக்கிறோம்: "மெயின் 120, ஸ்க்ரூ இரண்டே கால், கடல் மட்டம், 10/2023". பழைய 108 ஜெட்டைச் சிறு பொலித்தீனில் கட்டி, அதே பெட்டிக்குள் கம்பியில் தொங்கவிட்டோம். வண்டி எப்போதாவது மீண்டும் மலையேறினால் வேண்டியிருக்கும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் இலேசான நீலப்புகை வருகிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. வால்வு ஒயில் சீலில் சந்தேகம். ரீபோர் செய்தபோது அதையும் மாற்றியிருக்கலாம், பொருத்தமான அளவு அன்று கிடைக்கவில்லை. வாடைமழை தொடங்கும் முன் ஹெட்டை மறுபடி இறக்கிப் பார்ப்பதாக ஐயாவிடம் சொல்லியிருக்கிறோம்.